பதினெட்டுக் குப்பிகள்

நாள் 212, 06:40

சீரிஸ் குறுங்கோள், வடக்குப் பள்ள நீர் நிலையம். பனியுருக்கி எந்திரம் ஓடுகிறது. நேற்று எடுத்த நீர் 410 லிட்டர். காற்றழுத்தம் சரி. இரண்டாம் துளைக்கருவியில் அதிர்வு கொஞ்சம் கூடுதல்.

என் நாடித்துடிப்பு 47. இரண்டு முழங்கால்களிலும் வீக்கம். இரத்தத்தில் டாக்சிசைக்ளின் அளவு 0.6. மாத்திரை விழுங்கி இரண்டரை மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம் இது. மூன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

பின்னால் இதைப் படிக்கப்போகிறவருக்குச் சில விவரங்கள். நான் சிவகௌரி தம்பையா. நீர் வேதியியலில் முனைவர், மருத்துவர் அல்ல. அடுத்த குழு நாள் 330இல் வரும்வரை இந்த நிலையத்தில் தனி ஆள். புறப்படுவதற்கு முந்தைய கோடையில் ஒன்டாரியோவில் அக்கா வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுப்பாதையில் நடக்கும்போது காலில் ஓர் உண்ணி கடித்தது. லைம் நோய்க் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மூன்று வாரம் மருந்து கொடுத்தார்கள், குணமாகிவிட்டது என்று எழுதித் தந்தார்கள். நான்கு மாதப் பயணத்தில் ஒன்றுமில்லை. நாள் 130 வாக்கில் முழங்கால் வீங்கியது. பிறகு தலைச்சுற்றல், மறதி. நாள் 171இலிருந்து மறுபடியும் அதே மருந்து. நாற்பத்தோரு நாளாக விழுங்குகிறேன். ஒரு மாற்றமும் இல்லை.

தண்ணீரை ஆராயும் நிறமாலைக் கருவியை இரத்தத்தை ஆராயத் திருப்பிவிட்டது என் சொந்த யோசனை. அது காட்டும் எண்தான் 0.6. பத்து நாளாக அதே எண்.

நாள் 213, 15:20

பூமிக்கு ஒரு செய்தி போய்ச் சேர இருபத்தாறு நிமிடம் ஆகிறது. மருத்துவர் ஞானமுத்து அனுப்பிய பதில் வந்தது. அவர் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர், திருநெல்வேலிக்காரர்.

“டாக்டரம்மான்னு கூப்பிட்டுப் பழகிட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. வெளிப்படையாவே சொல்லுதேன். மூணு வாரம் ஒழுங்கா மருந்து எடுத்தா பெரும்பாலும் கிருமி செத்துரும். அதுக்கப்புறம் இருக்க வலியும் அசதியும் மருந்துக்குக் கட்டுப்படாது. நான் நெறைய பேர பாத்திருக்கேன். அந்த 0.6ங்குற கணக்கு எனக்கு நம்பிக்கையா இல்ல, அது தண்ணியப் பாக்குற மிஷினு. இல்லன்னா... மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடுதியளா? மறந்துபோயிருதா?”

என் பதில்: “டொக்டர், மறதி இருக்குது. அதுக்காகத்தான் ஒவ்வொரு குளிசையையும் நேரம் போட்டு எழுதி வைச்சிருக்கிறன். ஒண்டும் தவறேல்லை.”

கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நாள் 216, 11:05

கருவியைச் சோதித்தேன். அளவு தெரிந்த மருந்தைச் சுத்தமான உப்புநீரில் கரைத்துக் கொடுத்தேன். இரண்டு போட்டால் இரண்டு காட்டுகிறது, நான்கு போட்டால் நான்கு. கருவியில் பிழை இல்லை.

அப்படியானால் மருந்து என் வயிற்றுக்குள் போகிறது, இரத்தத்துக்குள் வரவில்லை. நடுவில் எங்கோ தொலைகிறது.

நீர் 395 லிட்டர்.

நாள் 220, 09:50

காலையில் உருக்கியின் வெளிவழி வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்தேன். தரையெல்லாம் தண்ணீர். இங்கே ஈர்ப்பு பூமியின் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை, சிந்திய தண்ணீர் உருண்டு உருண்டு மெதுவாக ஊர்ந்தது. அதைத் துடைக்க மூன்று மணி நேரம். இடையில் நான்கு முறை உட்கார்ந்தேன்.

வால்வு என்ற சொல் அரை மணி நேரம் நினைவுக்கு வரவில்லை. “மூடுகிற சாமான்” என்றுதான் பதிவில் முதலில் எழுதியிருந்தேன். இப்போது திருத்தினேன்.

துடிப்பு 44.

நாள் 222, 13:30

கண்டுபிடித்துவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தண்ணீர்தான்.

சீரிஸின் பனியில் மக்னீசியமும் கால்சியமும் மண்டிக்கிடக்கின்றன. வடித்து எடுக்கும்போது பாதிதான் போகிறது. எலும்பு தேயக்கூடாது என்பதற்காக அந்தப் பாதியை அப்படியே விட்டு வைக்கலாம் என்று பரிந்துரை எழுதியதே நான்தான். போதாததற்கு, மாத்திரை விழுங்கும் அதே நேரத்தில் கால்சியம் மாத்திரையும் விழுங்குகிறேன். டாக்சிசைக்ளின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் குடல் அதை உறிஞ்சாது. அப்படியே வெளியேறிவிடும்.

நீர் வேதியியல் படித்தவள் ஐம்பத்தோரு நாள் மருந்தைத் தண்ணீரோடு சேர்த்து வீணாக்கியிருக்கிறேன்.

இன்றிலிருந்து மாத்திரைக்குக் காற்றின் ஈரத்தை உறையவைத்து எடுத்த தண்ணீர் மட்டும். அதில் உப்பே கிடையாது. கால்சியம் மாத்திரை ஆறு மணி நேரம் தள்ளி.

நாள் 225, 08:15

இரத்தத்தில் டாக்சிசைக்ளின் 3.3.

மூன்று முறை பார்த்தேன். 3.3. அழுகை வந்தது. அழுதால் முழங்காலும் சேர்ந்து வலிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

நாள் 229, 16:00

நான்கு நாளாகக் காய்ச்சல், நடுக்கம். கிருமி சாகத் தொடங்கும்போது சிலருக்கு இப்படி வரும் என்று கையேட்டில் இருக்கிறது. வலியோடு ஒரு நிம்மதி. சாவதற்கு ஏதோ உயிரோடு இருந்திருக்கிறது.

இ.சி.ஜி. எடுத்து அனுப்பினேன். ஞானமுத்துவின் பதில்:

“அம்மா, முதல்ல மன்னிச்சுக்கிடுங்க. நான் உங்கள நம்பல. உங்க மிஷினையும் நம்பல. இந்தப் படத்தப் பாத்தபெறகு எனக்குச் சந்தேகமில்ல. இதயத்துல மேலறை கொடுக்குற கரண்டு கீழறைக்குப் பிந்தி வருது, சில சமயம் வரவே இல்ல. கிருமி அங்க உக்காந்திருக்கு. மாத்திரை மட்டும் போதுமான்னு எனக்குப் பயமா இருக்கு. செஃப்ட்ரையாக்சோன் ரெண்டு கிராம் குப்பி உங்ககிட்ட முப்பது இருக்குல்லா? தெனம் ஒண்ணு, நரம்புல ஏத்துங்க. இருபத்தெட்டு நாள். அளவு கீழ எறங்கிரக் கூடாது. மாத்திரையும் நடக்கட்டும்.”

மன்னிப்புக் கேட்டதை இரண்டாம் முறையும் ஓடவிட்டுக் கேட்டேன். ஏழரை மாதத்தில் யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க இங்கே ஆளும் இல்லை.

நாள் 231, 10:10

முதல் குப்பி. இடது கை நரம்பில் ஊசிக்குழாயை நானே செருகினேன், மூன்றாம் முயற்சியில். இங்கே மருந்துப்பையைத் தொங்கவிட்டால் சொட்டாது, கையால் அழுத்தித்தான் இறக்க வேண்டும். நாற்பது நிமிடம் பிழிந்தேன்.

நாள் 235, 09:30

நான்கு குப்பிகள். அடுத்த குப்பிக்குச் சற்று முன் இரத்தத்தில் செஃப்ட்ரையாக்சோன் 21. போதும், நிறையவே போதும். துடிப்பு 52. வலது முழங்கால் மடங்குகிறது. இன்று வால்வு, மடை, வடிகட்டி, உருக்கி என்று எல்லாவற்றின் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன்.

நீர் 420 லிட்டர்.

நாள் 241, 12:45

பத்துக் குப்பிகள் முடிந்தன. துடிப்பு 57.

இன்று ‘கடம்பு’ என்ற ஆய்வுக்கப்பலிலிருந்து அழைப்பு. இரண்டு பேர் கப்பல், ஒரு சிறுகோளில் வேலை முடித்துத் திரும்புகிறது. ஓட்டுநர் ஜுலைகா, சென்னைப் பெண். குரல் கம்மியிருந்தது.

“மேடம், கடம்புலேர்ந்து பேசறேன். எங்க இன்ஜினியர் அடைக்கலசாமிக்கு காலு நசுங்கிடுச்சு, பன்னெண்டு நாளாச்சு. புண்ணு அழுகுது. காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. எங்க மருந்து பொட்டில இருந்தத எல்லாம் போட்டுட்டேன். டெஸ்ட்டுல செஃப்ட்ரையாக்சோன் மட்டும்தான் கேக்கும்னு வருது. ஒம்போது நாள்ல உங்ககிட்ட வந்துடுவோம். உங்ககிட்ட எத்தினி இருக்கு மேடம்?”

மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். இருபது இருந்தன.

ஒன்பது நாளில் நான் ஒன்பது போட்டுக்கொள்வேன். மீதி பதினொன்று.

“பதினொண்டு இருக்குது” என்று பதில் அனுப்பினேன்.

“அல்லாவே. போதும் மேடம். ரொம்ப தேங்க்ஸ்.”

பிறகு பதினோராம் குப்பியை உடைத்து ஏற்றிக்கொண்டேன்.

நாள் 242, 17:20

ஞானமுத்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் செய்தி:

“பதினொண்ணுன்னா அந்தத் தம்பிக்கு அஞ்சரை நாள்தான் வரும். அவனுக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு வேணும், ஒம்பது நாளாவது போடணும். அதுக்குள்ள நிறுத்துனா அளவு எறங்கி, கிருமி முன்னவிட மோசமா எந்திரிக்கும். காலை எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தாலும் சொல்ல முடியாது. வேற வழி பாக்கேன்.”

நான் எத்தனை போட்டேன் என்று அவருக்குத் தெரியும். முப்பதில் பத்தைக் கழிக்க அவருக்கு வரும். அவர் என்னைக் கேட்கவில்லை. தெரிந்தே கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் குப்பியை இன்று காலை போட்டாயிற்று. முதல் முயற்சியிலேயே நரம்பு கிடைத்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நாள் 243, 10:10

குப்பி போடும் நேரம். போடவில்லை.

கடம்புக்கு அனுப்பியது:

“ஜுலைகா, நான் பொய் சொல்லிப்போட்டன். அண்டைக்கு என்னட்டை இருபது இருந்தது. எனக்கு ஒண்டொண்டாப் போட்டுக்கொண்டு மிச்சத்தைத்தான் உங்களுக்குச் சொன்னனான். இப்ப உண்மையா இருக்கிறது பதினெட்டு. இனி நான் தொடமாட்டன். அந்தப் பிள்ளையைக் கொண்டு வாங்கோ.”

நான்கு நிமிடம் கழித்து வந்த பதில்: “உங்களுக்கு என்ன மேடம்?”

சொன்னேன். “சரி மேடம்” என்றாள்.

பதினெட்டு, நாளுக்கு இரண்டு. ஒன்பது நாள். சரியாக வருகிறது. இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தால் பத்து நாள் வந்திருக்கும்.

டாக்சிசைக்ளின் மாத்திரை 56 மீதி, நாளுக்கு இரண்டு. அது அவருக்குக் கேட்காது, எனக்குக் கேட்கலாம்.

நாள் 246, 08:00

செஃப்ட்ரையாக்சோன்: கண்டறிய இயலவில்லை. டாக்சிசைக்ளின் 3.5. துடிப்பு 49.

பழக்கத்தில் இன்னும் காலை 10:10க்கு எழுந்து அலமாரி வரை போகிறேன்.

நாள் 250, 14:30

கடம்பு இணைந்தது. ஜுலைகா நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், முப்பது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். கோபமா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

அடைக்கலசாமிக்கு நாற்பது வயது இருக்கும். சிவகங்கைப் பக்கம். காய்ச்சல் 40.1. கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சிவந்து, இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. நாற்றம். முதல் குப்பி 14:05க்கு.

நாள் 253, 11:40

அவர் இரத்தத்தில் அளவு: குப்பிக்கு முன் 38. காய்ச்சல் 38.4.

என் துடிப்பு 39. படி ஏறினால் கண் இருட்டுகிறது. இந்த ஈர்ப்பில் படி ஏறுவது ஒரு வேலையே இல்லை, இருந்தும்.

நாள் 254, 16:15

ஜுலைகா அவரிடம் சொல்லிவிட்டாள். கீழ் அறையிலிருந்து உள்தொடர்பில் அவர் அழைத்தார். முதல்முறையாகத் தெளிவான குரல்.

“ஏங்கம்மா, நீங்க மருந்த நிப்பாட்டிட்டுத்தேன் எனக்குக் குடுத்தீகளாமே. எனக்குக் காச்ச எறங்கிருச்சும்மா. இருக்கறத ஆளுக்குப் பாதியா வச்சுக்கிருவோம். எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு.”

எனக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை. உடனே ஞானமுத்துவைக் கேட்டேன். ஐம்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தேன். அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் அந்தக் குப்பி எனக்கு வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

பதில்: “பாதி பாதின்னா வேண்டாம்மா. சோறுன்னா பங்கு வைக்கலாம். இது ரத்தத்துல ஒரு கோட்டுக்கு மேல நிக்கணும், கீழ போனா இருந்தும் இல்லாததும் ஒண்ணு. அந்தத் தம்பிக்குத் தெனம் ஒண்ணாக் கொறச்சா அளவு எறங்கிரும். உங்களுக்கும் அஞ்சு குப்பி பத்தாது. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும். முடிவ நீங்க எடுத்துட்டீய. நான் எடுத்திருக்க மாட்டேன், அதத்தான் சொல்ல முடியும்.”

அடைக்கலசாமியிடம் மருத்துவர் வேண்டாம் என்றார் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார் என்று ஜுலைகா சொன்னாள். மதியக் குப்பியைப் போட அவள் அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்ததாம்.

நாள் 256, 13:00

உருக்கி அறையில் விழுந்தேன். ஜுலைகா கண்டெடுத்தாள். துடிப்பு 28.

நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி நிலையத்தில் ஒன்று உண்டு. மார்பிலும் முதுகிலும் மின்தகடு ஒட்டி நிமிடத்துக்கு அறுபது முறை தட்டும்படி வைத்தோம். ஒவ்வொரு தட்டலுக்கும் தோள் துள்ளுகிறது. விரலால் யாரோ எலும்பில் சுண்டுவதுபோல. ஒரு நிமிடம் தாங்கலாம். ஒரு நாளில் எண்பத்தாறாயிரத்துச் சொச்சம்.

இந்தப் பதிவை ஜுலைகா எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. பிழை இருந்தால் என்னுடையது என்று எழுதச் சொன்னேன்.

நாள் 259, 09:10

பதினெட்டாம் குப்பி இன்று அதிகாலையில் முடிந்தது. அடைக்கலசாமிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. கறுப்பு நின்ற இடத்தில் நிற்கிறது. இரண்டு விரல்கள் போகும். கால் இருக்கும். அவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி என் அறைக்கு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மின்தகடு கழன்ற ஓரத்தை ஒட்டினார்.

என் டாக்சிசைக்ளின் 3.6.

ஞானமுத்து: “அளவு நல்லா இருக்கு. பன்னெண்டு குப்பியும் வேல செஞ்சிருக்கும். இந்தக் கரண்டு அடைப்பு பல பேருக்குத் தானா திறந்திருக்கு. பெட்டிய அப்பப்ப நிப்பாட்டிப் பாருங்க.”

நீர் அளவு தெரியவில்லை. உருக்கியை ஜுலைகா பார்த்துக்கொள்கிறாள்.

நாள் 261, 10:30

நிறுத்திப் பார்த்தோம். ஆறு விநாடி. ஏழாவதில் நான் இல்லை. அவர்கள் மறுபடி போட்டிருக்கிறார்கள். தோள் துள்ளியதும் வந்தேன். ஜுலைகா அறைக்கு வெளியே போய்விட்டாள்.

தூங்கி ஐந்து நாள். துள்ளும் உடம்பு தூங்காது. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். அடைக்கலசாமி கேட்காததுபோல் மின்தகட்டை அழுத்தி ஒட்டினார்.

பெட்டியின் மின்கலன் நாளை மறுநாள் மாற்ற வேண்டும், கடம்பில் ஒன்று இருக்கிறதாம்.

நாள் 264, 11:15

நானே எழுது கிறேன். தட்டலில் கை து ள்ளுகிறது. பொறுத்துக்கொள் ளுங்கள்.

துடிப்பின் படத்தில் காலையிலிருந்து பெட்டியின் தட்டலுக்கு நடு வே வேறு ஏதோ தெரி கிறது என்கிறாள் ஜுலைகா. என்னுடை யதாக இருக் கலாம். மறுபடி நிறுத் திப் பார்க்க வேண்டும்.

அடைக்கல சாமி ஒரு வழி சொன்னார். “பேசச் சொன்னா உங்களுக்கு மூச்சு வாங்குதும்மா. எழுதிக்கிட்டே இருங்க. கை ஓடுற வரைக்கும் நான் தொட மாட்டேன். கை நின்னா போட்டுருவேன்.” விசை யில் அவர் விரல். அவர் கண் என் கையில்.

இப்போது அணைக் கிறார்.

எழுதுகிறேன். தோள் துள்ளவில்லை. மார்புக்குள் ஒன்றுமில்லை. எழுதுகிறேன். எழுத என்ன இருக்கிறது. அக்கா பெயர் சரோஜினிதேவி. நீர் 410 லிட்டர் இல்லை அது பழையது. கண் ஓரத்தில் இருட்டு. எழுதுகிறேன் எழுது

எழு

ஒன்று. உள்ளே இடித்தது. நான் எழுதுகிறேன் அடைக்கலசாமி விரலை எடுங்கள். இன்னொன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

ஜுலைகா சத்தமாக எண்ணுகிறாள். முப்பத்தாறு. நாற்பது.

மூன்று நிமிடம் ஆகிறது. நாற்பத்தொன்று. இருட்டு விலகுகிறது. எழுத்து நேராக வருகிறது, இந்த வரியைப் பாருங்கள்.

அவர் விரல் இன்னும் விசையில்தான் இருக்கிறது. என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குக் கை வலிக்கிறது. எட்டு நாள் தூக்கம் பாக்கி.

அடைக்கலசாமி, ஜுலைகா, இதை நான் எழுத எழுத இருவரும் படிக்கிறீர்கள். இப்போது பேனாவைக் கீழே வைக்கப் போகிறேன். பெட்டியைப் போட வேண்டாம். நான் போகவில்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.